மூன்றாம் மாடி, பதினேழாம் போர்ட்

மஸ்கட்
12/2/2024

அன்புள்ள அண்ணன் தைசீர் அபூ சுஹைபுக்கு, தம்பி நிதாலின் ஸலாம்.

நான் நலம். நீங்களும் அண்ணி ஃபாத்தினும் பிள்ளைகளும் நலம்தானே? இர்பித்தில் இந்த வருடம் பனி கொட்டியதாகப் படித்தேன். உங்கள் முதுகுக்குக் குளிர் ஆகாது. அடுப்புக்கு மண்ணெண்ணெய் போதுமான அளவு வாங்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் போனில் என் எண்ணை அடைத்து வைத்திருப்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். ஆறு வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது காரியத்துக்காக எழுதுகிறான் என்று சொல்வீர்கள். உண்மைதான், காரியத்துக்காகத்தான்.

இங்கே சுஹாரில் ஒரு புது மருத்துவமனை வருகிறது. நெட்வொர்க் பிரிவுக்குத் தலைவராக என்னை எடுப்பதாக வாயால் சொல்லிவிட்டார்கள். ஒரே தடை, நம் மருத்துவமனை எனக்குக் கொடுத்த அனுபவச் சான்றிதழ். அதன் கடைசி வரி உங்களுக்கு நினைவிருக்கும்: "கடுமையான தொழில்நுட்பத் தவறு காரணமாகப் பணி முடிக்கப்பட்டது." அந்த வரி இல்லாத சான்றிதழ் ஏப்ரல் முப்பதுக்குள் வேண்டும். இருபது வருடமாக அங்கே இருக்கிறீர்கள். இயக்குநரிடம் நீங்கள் பேசினால் நடக்கும்.

அம்மாவின் கபருக்குப் போகும்போது எனக்காகவும் ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி நிதால்


இர்பித்
19 ஷுபாத் 2024

தம்பி நிதாலுக்கு,

ஸலாம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி.

ஏப்ரல் என்று எழுதியிருக்கிறாய். நீசான் என்று எழுதினால் கை வலிக்குமா? நம் மண்ணில் மாதங்களுக்கு நம் பெயர் உண்டு. அதை மஸ்கட்டில் மறந்துவிட்டாய், மற்றதை எல்லாம் மறந்த மாதிரி.

நான் எதையும் மறப்பதில்லை. 2018, ஆப் மாதம், உன் கணக்கில் ஆகஸ்ட், முதல் தேதி, காலை பத்து மணி. பரிசோதனைக் கூடத்து இயந்திரங்களை மற்ற கணினிகளிடமிருந்து பிரித்துத் தனி வீலேனில் போடும் வேலையை நீ அன்று காலை மூன்றாம் மாடி நெட்வொர்க் ஸ்விட்சில் செய்தாய். அரை மணி நேரத்தில் மருத்துவமனை முழுவதும் நெட்வொர்க் செத்துப்போனது. ஐந்து மணி நேரம். இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாதிகள் தாளில் எழுதிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார்கள். பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு இரத்த வகை தெரியாமல் நாற்பது நிமிடம் தாமதமானது. அவள் பிழைத்தது இறைவன் செயல். அன்று பணியில் இருந்தவன் நீ. தொழில்நுட்ப அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான். தம்பி என்பதற்காகப் பொய் எழுத முடியுமா? அதற்காக நீ கோபித்துக்கொண்டு போனாய். போகட்டும். அம்மா இறந்தபோதுகூட நீ வரவில்லையே. மூன்று நாள் துக்க விசாரிப்பில் வந்தவனெல்லாம் "சின்னவன் எங்க?" என்று கேட்டான். ஒவ்வொருவனுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே இப்போது தலைவன் யார் தெரியுமா? முஹன்னத். இயக்குநரின் அக்காள் மகன். வயது முப்பத்தொன்று. நான் ருமேனியாவில், கிளூஜில் ஐந்து வருடம் படித்து, பனியில் ரொட்டிக்கு வரிசையில் நின்று இன்ஜினியர் ஆனவன். அவன் முன்னால் நான் கைகட்டி நிற்கிறேன்.

சான்றிதழ் பற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். அதற்கு முன் எனக்கு ஒன்று வேண்டும். மாடிகளில் இருக்கும் நாற்பத்திரண்டு ஸ்விட்சுகளையும் மாற்றிப் புதியவை போடும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பாதி வயர்களை இழுத்தவன் நீ. எது எங்கே போகிறது என்று எந்தத் தாளிலும் இல்லை. வரைபடம் இருந்தால் அனுப்பு.

இப்படிக்கு,
தைசீர்


மஸ்கட்
22/2/2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, அவர்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது?

வரைபடம் என் நினைவில்தான் இருக்கிறது. உட்கார்ந்து வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். சிவப்புக் கோடுகள் மாடிகளை இணைக்கும் முக்கிய வயர்கள். புள்ளிக் கோடுகள் மாற்று வழிகள்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால் துடைப்பம் வைக்கும் அலமாரிக்குள் ஒரு பழைய ஸ்விட்ச் இருக்கிறது, நினைவிருக்கிறதா? அதை முதலில் கழற்றிவிடாதீர்கள். வழிகளைத் தீர்மானிக்கும் ஸ்பேனிங் ட்ரீக்கு ஒரு தலைவன் தேவை. யாரைத் தலைவனாக்குவது என்று நாம் யாரும் சொல்லி வைக்காததால் இருப்பதிலேயே பழைய பெட்டி தானாகத் தலைவனாகிவிட்டது. முழு மருத்துவமனையும் அந்தத் துடைப்ப அலமாரியைக் கேட்டுத்தான் வழி தீர்மானிக்கிறது. திடீரென்று பிடுங்கினால் எல்லாம் ஒரு நிமிடம் தடுமாறும். கீழ்த்தள அறையில் இருக்கும் பெரிய ஸ்விட்சைத் தலைவனாக்கிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். மூத்தது என்பதற்காக மட்டும் ஒருவரைத் தலைவராக வைத்தால் இதுதான் நடக்கும். (சிரிக்கத்தான் எழுதினேன்.)

மாதப் பெயர் விஷயம். ஜூலையைத் தம்மூஸ் என்று பத்திரிகைகள் எழுதலாம். ஆனால் நெட்வொர்க் பிரிவில் நாம் நான்கு பேரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்திய காலத்தில், யார் எதை மாற்றினார்கள் என்று தெரிவதற்காக வயர் செருகும் ஒவ்வொரு போர்ட்டின் விளக்கத்திலும் காரணமும் தேதியும் எழுதுவோமே, அதில்கூட நீங்கள் ஒருவர்தான் தம்மூஸ், ஐலூல் என்று எழுதினீர்கள். மற்ற மூவரும் எண்ணில் எழுதுவோம். ரியாத் கேலி செய்வான்: "ஸ்விட்ச்சுக்கு அறுவடை காலம் தெரியணும்னு அண்ணன் ஆசைப்படுறாரு."

சான்றிதழை மறக்க வேண்டாம்.

தம்பி நிதால்


இர்பித்
6 அதார் 2024

நிதாலுக்கு,

ஸலாம். ஃபாத்தினின் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை. பிள்ளைகள் நலம்.

வரைபடம் சரியாக இருக்கிறது. அலமாரியைத் திறந்தேன். துடைப்பத்துக்கும் பினாயில் டப்பாவுக்கும் நடுவில் ஒரு முழு மருத்துவமனையின் தலைவன் தூசி மூடிக்கிடந்தான். பெரியதைத் தலைவனாக்கிவிட்டுத்தான் கழற்றினேன். ஒரு ஃபைல்கூடத் தடுமாறவில்லை. நன்றி என்று எழுதுவதற்கு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

முஹன்னத்தோடு மல்லுக்கட்டுவதுதான் பெரிய வேலை. நேற்று ஸ்விட்சுகள் அடுக்கிய ராக்கின் முன்னால் வந்து நின்றான். கையில் பிளாஸ்டிக் கோப்பையில் காப்பி.

"அபூ சுஹைப், இந்த மாடிக்கு எதுக்கு ரெண்டு வயர்? ஒண்ணுல விளக்கே எரியலையே. சும்மாத்தானே கிடக்கு?"

"சும்மா கிடக்கலை. காதைத் திறந்து வச்சுக்கிட்டுக் கிடக்கு. முதல் வயர் அறுந்தா இது வேலை செய்யும்."

"அப்ப ரெண்டையும் சேர்த்து ஓட விடுங்களேன். வேகமா இருக்கும்ல?"

"ரெண்டையும் ஓட விட்டா வட்டமாயிடும். ஒரு செய்தி உள்ள போனா வெளிய வர வழி தெரியாம சுத்திக்கிட்டே இருக்கும். ஒண்ணு ஆயிரமாகும், ஆயிரம் கோடியாகும். எல்லா ஸ்விட்ச்சும் மூச்சு முட்டிச் சாகும். அதைத் தடுக்கத்தான் ஒரு வழியை மூடி வைக்கிறது. அதுக்குப் பேருதான் ஸ்பேனிங் ட்ரீ."

"ஓ, உங்க தம்பி அன்னைக்குப் பண்ணினாரே, அதுவா?"

இப்படித்தான் பேசுகிறான். காப்பியை ராக்கின் மேலேயே வைத்துவிட்டுப் போனான். பழைய ஸ்விட்சின் கான்ஃபிக்கை, உள்ளே எழுதிய கட்டளைகளை எல்லாம், அப்படியே காப்பி எடுத்துப் புதியதில் ஒட்டச் சொல்லியிருக்கிறான். "பெட்டிக்குப் பத்து நிமிஷம். இதுக்கு எதுக்கு மாசக்கணக்கு?" என்கிறான். அவன் கட்டளை, அவன் பொறுப்பு. அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறேன்.

ஐயார் பதினைந்தாம் தேதி, உன் கணக்கில் 15/5, என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் வெளியே தள்ளினால் யார் எடுப்பார்கள்? அதற்கு முன் இந்த வேலையில் ஒரு பிசகும் வரக்கூடாது. உன் சான்றிதழ் விஷயத்தை இந்த நேரத்தில் எடுத்தால் பழைய கதை எல்லாம் கிளறப்படும். கொஞ்சம் பொறு.

தைசீர்


மஸ்கட்
9/3/2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நாளை மறுநாள் நோன்பு தொடங்கும் என்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் நோன்பு வாழ்த்துகள். அண்ணி இந்த வருடம் நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் கேட்கச் சொல்லுங்கள்.

பொறுக்கிறேன். ஆனால் ஏப்ரல் முப்பது என்பது அவர்கள் போட்ட தேதி, நான் போட்டதல்ல. இங்கே இப்போது நான் செய்வது ஒரு துணை ஒப்பந்தக்காரனிடம் வயர் இழுக்கும் வேலை. கட்டடம் கட்டடமாக ஏணியோடு போகிறேன். நாற்பத்து நான்கு வயதில் ஏணி கொஞ்சம் உயரமாகத்தான் தெரிகிறது.

எத்தனை ஸ்விட்ச் முடிந்தது? மூன்றாம் மாடி ஆகிவிட்டதா?

நிதால்


இர்பித்
21 அதார் 2024

நிதாலுக்கு,

ஸலாம். நோன்பு நன்றாகப் போகிறது. ஃபாத்தின் டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை, உன் பேச்சையும் கேட்க மாட்டாள்.

நாற்பத்தொன்று முடிந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. பரிசோதனைக் கூடம், மருந்தகம், கேமரா, தொலைபேசி எல்லாம் அதனதன் வீலேனில் அழகாக உட்கார்ந்திருக்கின்றன. முஹன்னத் தான் செய்ததாக இயக்குநருக்கு அறிக்கை அனுப்பிவிட்டான். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எதிர்பார்த்ததுதான். என்னோடு கிளூஜில் படித்தவன் ஒருவன், தேர்வில் என் தாளைப் பார்த்து எழுதியவன், இன்று அம்மானில் மூன்று செயலாளர்கள் வைத்திருக்கிறான். எனக்குப் பழகிவிட்டது.

மூன்றாம் மாடி மட்டும் பாக்கி. அந்த ராக்கின் சாவி எங்கே என்று தெரியவில்லை. அங்கே நான் போயே வெகுகாலம் ஆகிறது. தேவைப்பட்டால் ரியாத்தைத்தான் அனுப்புவேன். டாக்டர் ஷவ்கத்தின் ஓய்வறைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்த ஆளின் முகத்தில் விழிக்க எனக்கு விருப்பமில்லை. தலைமை அறுவைச் சிகிச்சை நிபுணர் என்பதால் யாரையும் "யோவ்" என்று கூப்பிட அவருக்கு உரிமை இருக்கிறதாம்.

சாவி கிடைத்ததும் அதையும் காப்பி அடித்து ஒட்டிவிட்டால் முடிந்தது. பழைய பெட்டிகளைப் பழைய இரும்பு வாங்குகிறவன் எடுத்துப்போக வருகிறான்.

தைசீர்


மஸ்கட்
24/3/2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சாவி பற்றி. ராக்கின் மேல்பக்கம் இடது மூலையில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். மாற்றுச் சாவி அதற்குப் பின்னால்.

ஒரு வேண்டுகோள். மூன்றாம் மாடிப் பெட்டியை மட்டும் காப்பி அடித்து ஒட்டாதீர்கள். ரியாத்தையும் அனுப்பாதீர்கள். நீங்களே உட்கார்ந்து ஒவ்வொரு போர்ட்டாகப் படியுங்கள். முக்கியமாகப் பதினேழு, பதினெட்டு. படித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். சான்றிதழ் விஷயத்திலும் அதற்குப் பிறகு உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்.

நிதால்


மஸ்கட்
14/4/2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்துகள். இங்கே பெருநாள் அன்று அறையில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஆட்டிறைச்சி மன்ஸஃப் செய்தோம். காய்ந்த தயிர் கட்டி கிடைக்காமல் டப்பாத் தயிரில் செய்ததால் அம்மா பார்த்திருந்தால் தட்டைத் திருப்பியிருப்பார்கள். அண்ணி இந்த வருடமும் பேரீச்சம்பழ மஅமூல் பலகாரம் செய்தார்களா?

உங்களிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. முதுகு வலி அதிகமாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

முப்பதாம் தேதிக்குப் பதினாறு நாள் இருக்கிறது.

நிதால்


மஸ்கட்
2/5/2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று இறைவனை வேண்டுகிறேன்.

சுஹாரில் வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். நல்ல பையன், எனக்குத் தெரிந்தவன்தான். இனி அவசரமில்லை, அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அந்தப் பெட்டி பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டதா?

நிதால்


இர்பித்
16 ஐயார் 2024

நிதாலுக்கு,

ஸலாம். நான் நலம். ஃபாத்தின் நலம். சுஹைபுக்கு அம்மானில் வேலை கிடைத்திருக்கிறது.

பெட்டி போகவில்லை. என் மேசைக்குக் கீழே இருக்கிறது.

சாவி பற்றிய உன் கடிதம் வந்த மறுநாளே ராக்கைத் திறந்தேன். காந்தத்துக்குப் பின்னால் சாவி இருந்தது. கான்ஃபிக்கைத் திரையில் ஓட விட்டேன். பதினாறு வரை சாதாரணம். பதினேழாம் போர்ட்டின் விளக்கம்: "டாக்டர்கள் ஓய்வறை. தொடாதே. 11 தம்மூஸ்." அதற்குக் கீழே ஒரு ஃபில்டர் கட்டளை. பதினெட்டிலும் அதே. வரிக்கு வரி அதே.

கட்டளையில் பெயர் இல்லை. தேவையும் இல்லை, தம்மூஸ் போதும்.

எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. 2018, உலகக் கோப்பை அரையிறுதி நாள், மதியம். ஷவ்கத் தன் வீட்டு ரௌட்டரைக் கொண்டுவந்து ஓய்வறையில் செருகுவார். வெளிச் சாதனத்தைக் கண்டதும் நம் ஸ்விட்சின் காவல் கட்டளை போர்ட்டை மூடும். நான் திறப்பேன், அது மூடும். நான்காவது முறை என்னை அறைக்கே கூப்பிட்டார். நான்கைந்து டாக்டர்கள் சாய்வு நாற்காலிகளில்.

"யோவ் அபூ சுஹைப், ராத்திரி ஆட்டம். எங்க ரௌட்டரப் பாத்தா ஒன் பெட்டி ஏன் இப்படிப் பயந்து சாகுது?"

"விதி டாக்டர். வேற சாதனம் வந்தா மூடிக்கணும்."

"ருமேனியால அஞ்சு வருஷம் இதத்தான் படிச்சியா? மூடுறதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது எரிகிறது. கீழே போய்க் காவல் கட்டளையை எடுத்துவிட்டு ஃபில்டரைப் போட்டேன். காவல் இருந்தால் ஆபத்தைக் கேட்டுக் கதவை மூடும். ஃபில்டர் காதையே அடைத்துவிடும், எதுவும் கேட்காது, எதுவும் மூடாது. உனக்குத் தெரியாததல்ல. இன்று ஒருநாள்தானே என்று நினைத்தேன். மறுநாள் எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் வட்டம் விழுந்திருக்கிறது. ஸ்பேனிங் ட்ரீக்குக் காது கேட்டிருக்காது. உன் வீலேன் மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்ப வேண்டியதில்லை. மறந்தது உண்மை. ஆறு வருடமாக அந்த ஒரு ராக்கை மட்டும் நான் திறக்காமலே இருந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்து நீயே பார்த்துக்கொள்.

இன்று காலை கான்ஃபிக்கை அச்செடுத்து, பழைய அறிக்கை தவறு, தவறு செய்தவன் நான், கையெழுத்துப் போட்டவனும் நான் என்று எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன். முஹன்னத் படித்துவிட்டு, "இதை இப்ப யாரு கேட்டா அபூ சுஹைப்?" என்றான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், இரண்டு வருடம் சம்பள உயர்வு கிடையாது. உன் சான்றிதழ் புதிதாக எழுதப்பட்டுவிட்டது. இணைத்திருக்கிறேன். மூலம் கூரியரில் வருகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஆறு வருடம் என்னை முட்டாளாக வைத்திருந்தாய்.

தைசீர்


மஸ்கட்
23/5/2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். சுஹைபுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். சான்றிதழ் வந்தது. நன்றி.

உங்கள் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். ஐயார் பதினாறு. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அன்று நெட்வொர்க் செத்ததும் மூன்றாம் மாடிக்கு ஓடினேன். பதினேழும் பதினெட்டும் வெறிபிடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. கான்ஃபிக்கைப் பார்த்தேன், பிறகு ஓய்வறைக்கு ஓடினேன். நாம் எல்லோரும் காலா, சின்னம்மா என்று கூப்பிடும் உம்மு நாயிஃப் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ரௌட்டரிலிருந்து இரண்டு வயர்கள் சுவருக்குப் போயிருந்தன.

"இதை யாரு செருகினது காலா?"

"நான்தான் மவனே. ஒரு நுனி தரையில கெடந்து துடைப்பத்துல மாட்டிக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல ஓட்டை சும்மா இருந்துச்சு, செருகிட்டேன். தப்பா?"

"தப்பில்ல காலா" என்று சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கினேன். அதற்குள் ஸ்விட்சுகள் பாதி உறைந்துபோயிருந்தன. ஒவ்வொன்றாக அணைத்து எழுப்ப ஐந்து மணி நேரம் ஆனது. அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றி என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

நான் வாயைத் திறந்தால் முதலில் போவது உம்மு நாயிஃபின் வேலை. அடுத்தது உங்களுடையது. அப்போது உங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள், அம்மா. எனக்கு யாருமில்லை. அறிக்கையை எழுதும்போது நீங்கள் கான்ஃபிக்கைப் பார்ப்பீர்கள், பார்த்தால் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டீர்கள். அதற்குப் பிறகு நானாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது என் பிடிவாதம், ஒப்புக்கொள்கிறேன். நாம் ஒரே தகப்பனின் பிள்ளைகள்தானே.

அம்மாவின் இறுதிச் சடங்கு பற்றி ஒரு தடவைதான் சொல்வேன். அந்தச் சான்றிதழோடு போனபோது ஒழுங்கான நிறுவனம் எதுவும் என்னை எடுக்கவில்லை. எடுத்த ஒருவன் பாஸ்போர்ட்டைத் தன் பெட்டியில் பூட்டிக்கொண்டுதான் எடுத்தான். அம்மா போன செய்தி வந்த அன்று அவன் அலுவலக வாசலில் இரண்டு நாள் நின்றேன். தரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிதால்


இர்பித்
22 ஹஸீரான் 2024

தம்பி நிதாலுக்கு,

உனக்கும் உன் அறையில் உள்ளவர்களுக்கும் ஸலாம். ஏணியில் ஏறும்போது பார்த்து ஏறு. இங்கே வெயில் தொடங்கிவிட்டது, அதனால் முதுகு பரவாயில்லை.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தேதியைப் பற்றி நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதினைந்தாம் தேதி கையெழுத்தான ஒப்பந்தம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் சுஹார்தான் நினைவுக்கு வருகிறது. வேறென்ன எழுத?

போன வெள்ளிக்கிழமை அம்மாவின் கபருக்குப் போனேன். நீ ஏன் வரவில்லை என்பதைச் சொன்னேன். பக்கத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். மூன்று நாள் துக்கத்தில் "சின்னவன் எங்க?" என்று கேட்டவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன். மாமா வீட்டில் சொன்னபோது, "இத்தனை நாள் நீதானேப்பா அவன் நன்றி கெட்டவன்னு சொன்னே?" என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன் என்றேன்.

மூன்றாம் மாடியில் புது ஸ்விட்ச் வைத்துவிட்டேன். காப்பி அடிக்கவில்லை. ஒவ்வொரு போர்ட்டாகக் கையால் எழுதினேன். பதினேழு, பதினெட்டில் காவல் கட்டளை போட்டு, விளக்கத்தில் இப்படி எழுதினேன்: "டாக்டர்கள் ஓய்வறை. காவல் போட்டவன் தைசீர். 4 ஹஸீரான்." இருபது வருடத்தில் என் பெயரை ஒரு போர்ட்டில் எழுதியது இதுதான் முதல் தடவை.

நேற்று மாலை ஷவ்கத் போன் செய்தார். ஏதோ ஆட்டமாம். மறுபடியும் ரௌட்டரைச் செருகியிருக்கிறார்.

"யாருய்யா இதை மூடினது?"

"நான்தான் டாக்டர்."

"எந்த நான்?"

"தைசீர். போர்ட்லேயே பேரு எழுதியிருக்கு."

"ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு, தொறந்து விடுய்யா. இயக்குநர்கிட்டப் பேசவா?"

"பேசுங்க டாக்டர். அவருக்கு நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கேன், உங்க பேரோட. ரௌட்டரைப் பிடுங்கி வையுங்க. அஞ்சு நிமிஷத்துல போர்ட் தானாத் தொறந்துக்கும்."

போனை வைத்துவிட்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாவது நிமிடம் பதினேழு பச்சையானது.

உன் எண்ணை என் போனில் அடைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கூப்பிடு என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் தைசீர்